கூட்டம் எத்தனை மணிக்கு?

தமிழ்நாட்டில் எந்த ஊரில் சொற்பொழிவுக் கூட்டம் நடந்தாலும் அழைப்பிதழ் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. கீழே சிறிய எழுத்தில் 'அனைவரும் வருக' என்றோ 'குடும்பத்துடன் வருக' என்றோ ஒரு வரி. கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவள், கவிதை எழுதுகிறவள் என்பதால் இப்படிப்பட்ட அழைப்பிதழ்கள் எனக்கு நிறைய வருகின்றன. கையில் வாங்கியதும் பெண்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுவது பழக்கமாகிவிட்டது. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் மாணவி, வரவேற்புரை சொல்லும் ஆசிரியை, நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் இன்னோர் ஆசிரியை. மார்ச் மாதம் வந்தால் சிறப்புரைக்கும் ஒரு பெண் பெயர் ஏறும். தலைப்பு பெண்ணின் பெருமை பற்றியதாக இருக்கும். பொருளாதாரம், வரலாறு, நீர்ப்பங்கீடு, தேர்தல் ஆகியவற்றைப் பற்றிப் பேச மீதிப் பதினொரு மாதங்களும் ஆண்கள் இருக்கிறார்கள்.

பெயர்களைப் பார்த்த பிறகு நேரத்தைப் பார்ப்பேன். 'மாலை சரியாக 6 மணி' என்றிருக்கும். முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும். தலைமையுரையும் வாழ்த்துரைகளும் முடிந்து சிறப்புரையாளர் ஒலிபெருக்கியைத் தொடும்போது எட்டு மணி ஆகியிருக்கும். சமையலையும் பிள்ளைகளின் படிப்பையும் இன்னொருவர் பார்த்துக்கொள்கிற வீட்டிலிருந்து வருகிறவருக்கு இது ஓய்வு நேரம். அந்த இன்னொருவருக்கு இது வேலை நேரம். மேடையில் பெண் இல்லையே என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். மேடைக்குக் கீழே யார் இருக்கிறார்கள், அவர்கள் வாய் திறக்க எத்தனை நிமிடம் ஒதுக்கப்படுகிறது என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி. அந்தக் கேள்வி எனக்குக் கூர்மையாகத் தெரிந்தது சித்தேரி மலையில்.

நான் பணிபுரியும் தருமபுரி மாவட்டம் பழைய தகடூர் நாடு. இங்கே இலக்கியக் கூட்டம் எதுவும் அவ்வையின் பெயரைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. அதியமான் அவருக்கு நெல்லிக்கனி கொடுத்ததைச் சொல்வார்கள், கைத்தட்டல் எழும். கொடுத்தவனின் வள்ளன்மையே அந்தக் கதையின் மையம். அவ்வை அதில் வாங்கிக்கொள்கிறவர். ஆனால் சங்க இலக்கியத்தில் அவ்வையார் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன, அவற்றில் 33 புறநானூற்றில். அதன் 95ஆம் பாட்டு அவர் தொண்டைமானிடம் தூது போனபோது பாடியது. தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமைப்படும் அரசனிடம், உன் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன, எங்கள் தலைவனுடையவை போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில் அவர் சொல்கிறார். புகழ்வது போலத் தொடங்கி எதிரியின் போர் அனுபவத்தையே கேள்விக்கு உட்படுத்தும் பேச்சு அது. எதிரியின் இடத்தில் நின்று அரசியல் பேசிய ஒரு பெண் நம் மண்ணோடு சேர்த்து நினைக்கப்படுகிறார். அவரை நினைக்க நாம் எடுத்துக்கொண்டது நெல்லிக்கனியை.

ஒருவர் நின்று பேச, ஊர் உட்கார்ந்து கேட்கும் இன்றைய சொற்பொழிவுக் கூட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். பாதிரியார்கள் கையாண்ட பிரசங்க முறையை அவர் சைவத்துக்காக எடுத்துக்கொண்டார். பின்னர் 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கம், 1911இல் கரந்தைத் தமிழ்ச்சங்கம், 1939இல் காரைக்குடிக் கம்பன் கழகம் என அமைப்புகள் தோன்றின. ஊர்தோறும் மன்றங்கள் வந்தன. கற்றவர் சொல்வார், கல்லாதவர் கேட்பார் என்ற ஏற்பாடு மதத்திலிருந்து இலக்கியத்துக்கும், இலக்கியத்திலிருந்து அரசியலுக்கும் வந்து சேர்ந்தது. கற்றவர் என்ற இடத்தில் நெடுங்காலம் ஆதிக்க சாதி ஆண்களே இருந்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெண்கள் இந்த மேடையைச் சும்மா பெறவில்லை. 1917இல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. சுயமரியாதை இயக்க மாநாடுகளில் குஞ்சிதம் குருசாமி, நீலாவதி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் மணவிலக்கு, சொத்துரிமை, தேவதாசி முறை ஒழிப்பு என்று பேசினார்கள். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டம் அங்கேதான் வழங்கப்பட்டது என்பது என் மாணவிகள் எல்லோருக்கும் தெரியும். மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் யார் என்று வகுப்பில் கேட்டால் அமைதி நிலவும். அவர் நீலாம்பிகை அம்மையார், தமிழ் அறிஞர். மறைமலையடிகளின் மகள் என்று சொன்ன பிறகே சிலர் தலையாட்டுவார்கள். பெண்கள் கூடி, பெண்கள் தலைமை தாங்கி, பெண்கள் தீர்மானம் போட்ட மாநாடு ஓர் ஆணுக்குப் பட்டம் கிடைத்த நாளாக நினைவில் தங்கியிருக்கிறது.

இந்த வரலாற்றை எல்லாம் சொல்லிக் கொடுப்பது என் தொழில். சித்தேரியில் நடந்தது வேறு பாடம்.

சித்தேரி கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அரூரிலிருந்து பேருந்து ஏறினால் வளைவு வளைவாக மேலே போகும். ஒரே ஊராட்சிக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். அந்தப் பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்கும் மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இவர்கள் மொழி தமிழ்தான். சாமை, ராகி, மரவள்ளி விளைவிக்கிறார்கள். கடுக்காய், புளி சேகரிக்கிறார்கள். விதைப்பு முதல் அறுவடை, புடைப்பு வரை பெண்களின் உழைப்பு இல்லாமல் எதுவும் நடக்காது.

எங்கள் வட்டாரத்தில் மாதந்தோறும் பொதுச் சொற்பொழிவு நடத்துகிற ஓர் அமைப்பு இருக்கிறது. ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வழக்கறிஞர்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள் சேர்ந்து நடத்துவது. யாரிடமும் கட்டணம் வாங்காமல், சொந்தக் காசைப் போட்டு நடத்துகிறார்கள். அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஓர் ஆண்டு, நகரத்திலேயே பேசிக்கொண்டிருப்பது போதாது, மலைக்குப் போவோம் என்று முடிவெடுத்தார்கள். வன உரிமைச் சட்டம் பற்றி ஒரு வழக்கறிஞரும், மலை மக்களின் வாய்மொழிப் பாடல்கள் பற்றி நானும் பேசுவதாக ஏற்பாடு. மாலையில் மலைப்பாதை சரிப்படாது என்று ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணி என வைத்தார்கள்.

மேடையில் ஏழு நாற்காலிகள். கீழே முன்வரிசை நாற்காலிகளில் உள்ளூர் ஆண்கள். பெண்கள் பக்கவாட்டில் விரித்திருந்த ஜமுக்காளத்தில். எனக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பெண் என்பதால் கீழே உட்கார வைக்கப்படும் நிலை எனக்கு இல்லை. சம்பளமும் பட்டமும் வெளியூர் வாழ்க்கையும் என்னை மேடைப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. 'பெண்கள்' என்று ஒரே சொல்லில் எங்களை எல்லாம் அடக்க முடியாது என்பதை அந்த இரண்டு அடி உயரம் காட்டியது.

வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரைகள். வழக்கறிஞர் பேசத் தொடங்கும்போது நாலேகால். சட்டத்தை நன்றாகவே விளக்கினார். பேச்சின் நடுவே வாச்சாத்தியைக் குறிப்பிட்டு, பாதிக்கப்பட்ட அந்த அப்பாவிப் பெண்கள் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். ஜமுக்காளத்தில் ஒரு சலசலப்பு. சிலர் எழுந்து போகத் தொடங்கினார்கள். மாடு கட்டவும் தண்ணீர் எடுக்கவும் அடுப்பு மூட்டவும் நேரமாகிவிட்டது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா மட்டும் எழுந்து நின்று ஏதோ கேட்கப் பார்த்தார். தொகுத்து வழங்கியவர், "கடைசியில கேள்வி நேரம் இருக்குதுங்கம்மா, அப்பக் கேளுங்க" என்றார். கடைசியில் நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரம் ரத்தானது. நன்றியுரை மட்டும் ரத்தாகவில்லை.

நான் அந்த ஆயாவைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆயா கேக்க வந்தீங்க?"

"ஏம்மா டீச்சரம்மா, வாச்சாத்திப் பொண்ணுங்கள அப்பாவி அப்பாவின்னு சொன்னாரே, அவுங்களா அப்பாவி? கோர்ட்டுல போயி நின்னு, இவன்தான்னு சொன்னவளுங்க. அதக் கேக்கலாமின்னு எந்திரிச்சேன்."

வாச்சாத்தி சித்தேரி மலையின் அடிவாரத்து ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தடுப்பதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அந்த மக்களின் பக்கம் நின்று வழக்கை நடத்தியது. உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி சி.பி.ஐ. விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 17 பேர் மீதான வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்ததோடு, அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. இடையில் ஓடியவை 31 ஆண்டுகள்.

அத்தனை ஆண்டுகளும் அந்தப் பெண்கள் பேசினார்கள். விசாரணை அதிகாரிகளிடம் பேசினார்கள், சாட்சிக் கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார்கள். ஒருவர் இருவர் அல்லர், ஒரு மாநிலத்தின் மூன்று துறைகளைச் சேர்ந்தவர்களுக்கு எதிராகச் சாட்சியம் சொல்லி, அது உண்மை என்று நிலைநாட்டியிருக்கிறார்கள். தமிழில் கடந்த அரை நூற்றாண்டில் நிகழ்த்தப்பட்ட மிக முக்கியமான பொதுப்பேச்சு எதுவென்று என்னைக் கேட்டால், அந்தச் சாட்சியங்களைத்தான் சொல்வேன். எந்தச் சொற்பொழிவுத் தொகுப்பிலும் அவை இல்லை. மேடைகளில் அவர்கள் இன்னும் 'பாதிக்கப்பட்டவர்கள்'. அவர்களைப் பற்றிப் பேசும்போது நம் குரல் தழுதழுக்கிறது, அவர்கள் பேசியதை நம் காது கேட்பதில்லை. ஆயாவின் கேள்வி அதைத்தான் சொன்னது. அந்த ஒரு கேள்விக்காக மட்டுமே கூட அன்று கூட்டம் நடந்திருக்கலாம். அதற்குத்தான் நேரம் இல்லாமல் போனது.

அடுத்த மாத ஆய்வுக் கூட்டத்தில் இதை எடுத்து வைத்தேன். மலையில் கூட்டம் நடத்துவதானால் நான்கு மாற்றங்கள் வேண்டும் என்றேன். நேரத்தை உள்ளூர்ப் பெண்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். வாழ்த்துரைகள் வேண்டாம். சொற்பொழிவு அரை மணிக்கு மேல் போகக் கூடாது. கேள்வி நேரம் கடைசியில் இல்லாமல் முதலில் இருக்க வேண்டும். பேச்சாளர் வந்து உட்கார்ந்ததும் கூட்டத்தினர் தங்கள் கேள்விகளைச் சொல்லட்டும், அதிலிருந்து அவர் தொடங்கட்டும்.

முதல் மூன்றையும் முணுமுணுப்போடு ஒப்புக்கொண்டார்கள். நான்காவதுக்கு எதிர்ப்பு வந்தது. "சப்ஜெக்ட் என்னன்னே தெரியாம எப்படிங்க மேடம் கேள்வி கேப்பாங்க?" என்றார் ஒரு நண்பர். "நாம தயார் பண்ணிட்டுப் போறது என்ன ஆகறது?" என்றார் இன்னொருவர். நல்லவர்கள்தான். அறிவு என்பது மேலிருந்து கீழே ஊற்றப்படுவது என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள். கல்லூரி வகுப்பறையும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்ததுதான். ஒரு பெண் உறுப்பினர், வங்கியில் வேலை பார்ப்பவர், அதுவரை பேசாமல் இருந்தவர், "ஒரு தடவ செஞ்சு பாக்கறதுல என்னங்க நட்டம்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முடிந்தது.

சுய உதவிக் குழுப் பெண்களிடம் நேரம் கேட்டோம். பகல் பதினொரு மணி என்றார்கள். காலை வேலை முடிந்திருக்கும், மாலை வேலை தொடங்கியிருக்காது. ஞாயிறு வேண்டாம், குழுக் கூட்டம் நடக்கும் நாளிலேயே வையுங்கள் என்றார்கள். அலுவலகம் போகிற நாங்கள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. இதுவரை அவர்கள் ஒரு நாள் கூலியை இழந்து எங்கள் பேச்சைக் கேட்டார்கள். இப்போது எங்களுடைய ஒரு நாள் போனது.

மேடை இல்லை. எல்லோருக்கும் ஜமுக்காளம். முதல் பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் காத்திருந்தேன். பிறகு ஒருத்தி, பட்டா என்பது புருஷன் பெயரில் இருந்தால் அவன் செத்த பிறகு நிலம் யாருக்கு என்று கேட்டாள். அதன் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. வன உரிமைச் சட்டத்தில் தரப்படும் உரிமையில் மனைவி பெயரும் சேருமா? திருமணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிய வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது என்று வழக்கறிஞர் பதில் சொன்னபோது ஜமுக்காளத்தில் மறுபடியும் ஒரு சலசலப்பு. இந்த முறை யாரும் எழுந்து போகவில்லை. போன கூட்டத்திலும் இதைச் சொன்னதாக அவர் பிறகு என்னிடம் வருத்தத்தோடு கூறினார். சொல்லியிருப்பார். யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில் காதில் நிற்பதில்லை.

சட்டம் எழுதுகிறவர்களும் இந்தச் சிக்கலை உணர்ந்திருக்கிறார்கள். வன உரிமைச் சட்ட விதிகளில் 2012இல் செய்த திருத்தத்தின்படி, கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடங்களை ஒதுக்க 2016இல் சட்டம் வந்தது. ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபை நாட்கள் 2022 முதல் ஆறாகியிருக்கின்றன. ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சிற்றூரையே ஒரு கிராமமாகக் கொண்டு கிராம சபை கூட்ட வழி செய்கிறது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லாததால் அந்தச் சட்டம் இங்கே வராது. அறுபது சிற்றூர்கள் கொண்ட மலை ஊராட்சியில் சபை ஓரிடத்தில் கூடும்போது, தொலைவில் இருக்கிற ஊரின் பெண் நடந்தே வந்து சேர வேண்டும். வந்தால் எண்ணிக்கையில் சேர்வாள். தலைகளை எண்ண விதி இருக்கிறது. பேசிய நிமிடங்களை எண்ண எந்த விதியும் இல்லை. அந்த வேலையை ஊர் அமைப்புகளும் கல்லூரிகளும் மன்றங்களும்தான் செய்ய வேண்டும். கேள்வி கேட்டுப் பழகாத குரல் கிராம சபையில் திடீரென்று எழாது. பழகுவதற்கு ஓரிடம் வேண்டும்.

மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கல்லூரி மன்றத்திலோ தெருவிலோ கூட்டம் நடத்தும் பொறுப்பு உங்களுக்கு வரும். சிறப்புரைக்கு ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கூட்டம் எத்தனை மணிக்கு, யாரிடம் கேட்டு முடிவு செய்தோம், வருகிறவள் எப்படித் திரும்பிப் போவாள், கைக்குழந்தை அழுதால் யார் முகம் சுளிப்பார்கள், கழிப்பறை இருக்கிறதா, ஒலிபெருக்கி எத்தனை பேர் கைக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெண்ணியம் பெரிய கோட்பாடுகளைப் பேசும், பேசட்டும். பேருந்து கடைசியாக எத்தனை மணிக்கு என்பதும் அதன் கேள்விதான்.

சித்தேரியில் இப்போதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆண்கள் பின்னால் நின்று பதில் சொல்லிக் கொடுக்கிறார்கள். உயரத்தில் இருக்கிற சிற்றூர்களிலிருந்து ஒருத்திகூட இன்னும் வரவில்லை. அங்கே நாங்கள் போக வேண்டும், அதற்கான ஆட்பலம் எங்களிடம் இல்லை. வாச்சாத்தியிலிருந்து யாரையாவது அழைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, அழைத்து மறுபடியும் அந்தக் கதையையே சொல்ல வைக்கக் கூடாது, வழக்கை எப்படி நடத்தினார்கள் என்று சொல்ல விருப்பம் இருந்தால் மட்டும் கேட்போம் என்று பெண்களே முடிவு செய்தார்கள். எங்கள் ஆய்வுக் கூட்டத்தில் எவருக்கும் தோன்றாத முடிவு அது.

போன முறை, அடுத்து யாரைப் பேசக் கூப்பிடலாம் என்று கேட்டோம். கவிஞரா, மருத்துவரா, வேளாண் அலுவலரா என்று நண்பர் பட்டியல் வாசித்தார். ஆயா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"தாசில்தாரக் கூட்டியாங்க. பேச வேணாம், ஒக்காந்து கேட்டா போதும். நாங்க பேசறோம்."

தாசில்தாருக்கு எழுதும் கடிதம் என் பொறுப்பில் இருக்கிறது. 'சிறப்புரை' என்று வழக்கமாக எழுதும் இடத்தில் அவருக்கு என்ன பெயர் போடுவது என்று யோசித்துவிட்டு, 'கேட்பவர்' என்றே எழுதியிருக்கிறேன்.